சாக்கே ஊற்றாத மண்

மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குத்தான் வாரியம் வைக்க முடியும். தெரிந்த விஷயத்துக்கு வைத்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். எங்கள் மாவட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. நிலத்தடித் தூய்மை வாரியம் என்று பெயர். ஆற்றங்கரையில் மூன்று மாடிக் கட்டடம், வாசலில் ‘மண் நம் தாய்’ என்று பளிங்கில் பொறித்த பலகை. அந்தத் தாய் கண்ணில் படாதபடி வளாகம் முழுக்கத் தார் போட்டு மூடி, மேலே அதிகாரிகளின் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஓகுசா தெய்ஜி, கமினோசே பள்ளத்தாக்கின் ஒரே பெட்ரோல் பங்க்குக்குச் சொந்தக்காரர். அறுபதைத் தாண்டியவர். யாராவது திட்டினால்கூட முதலில் குனிந்து வணங்கிவிட்டு, அப்புறம்தான் எதற்குத் திட்டினார்கள் என்று யோசிப்பார். அவருடைய அப்பா காலத்தில் புதைத்த எரிபொருள் தொட்டிக்கு அந்த வருஷம் நாற்பது வயது நிறைந்தது. மனுஷனுக்கு நாற்பது வயதானால் நாய்க்குணம் என்பார்கள். தொட்டிக்கு நாற்பது வயதானால் சட்டம் பாய்கிறது. தோண்டி எடுக்க வேண்டும், சுற்றியிருக்கும் மண்ணைச் சோதிக்க வேண்டும், மண் சுத்தம் என்று வாரியம் முத்திரை குத்தின பிறகுதான் புதுத் தொட்டியை இறக்கலாம்.

ஓகுசா இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்தார். காரணம் இருந்தது. பனி விழுந்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள், லாரி வராது. பள்ளத்தாக்கில் இருக்கிறவர்கள் எல்லாம் முழங்கால் வலிக்காரர்கள். வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டித்தான் குளிர்காலத்தைத் தாண்டுவார்கள். பனிக்கு முன்னால் புதுத் தொட்டி இறங்கி நிரம்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேரும் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“நம்ம பங்க் இல்லன்னா இவங்க எங்க போவாங்க? பொறுப்பா நடந்துக்குங்க” என்று மனைவி கிகுயோ முதல் நாளே எச்சரித்தாள். ஓகுசா வழக்கம்போல அதற்கும் வணங்கினார்.

வாரியத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் அளப்பவர், ஒருவர் அளப்பவரைப் பார்ப்பவர், ஒருவர் இருவரையும் படம் எடுப்பவர். மற்றவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றார்கள். தலைக்கு மேலே வானத்தைத் தவிர எதுவும் இல்லை, இருந்தாலும் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலைவர் பிரிவு அதிகாரி முரோஸே. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, பல்லும் வெள்ளை. ஆளுக்கொரு விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்கள். வாங்கினால் பதிலுக்குத் தன் கார்டைத் தர வேண்டுமே என்று ஓகுசாவுக்கு வேர்த்துவிட்டது. பங்க் வைத்திருப்பவனுக்கு எதற்குக் கார்டு? மேஜை டிராயரில் இலவசக் கார் கழுவும் கூப்பன்கள் இருந்தன. அவற்றை எடுத்து, குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். முரோஸே கூப்பனை முன்னும் பின்னும் மரியாதையாகப் படித்தார். ‘மெழுகு பூச்சு தனி’ என்ற இடத்தில் லேசாகத் தலையை ஆட்டினார். பிறகு தன் கார்டு உறையில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

அடுத்து உரை. எந்த வேலைக்கும் முன்னால் ஓர் உரை ஆற்ற வேண்டும் என்பது வாரியத்தின் விதி. கேட்க ஓகுசா, கிகுயோ, தோண்டும் ஒப்பந்தக்காரர் இவாகி, பூசாரி ஹகோஸாகி ஆகிய நான்கு பேர்தான் இருந்தார்கள். ஒலிபெருக்கி இருந்தது.

“நான் மண் பாதுகாப்புல பதினெட்டு வருஷமா இருக்கேன். மண்ணை நான் எவ்வளவு மதிக்கிறேன்னா, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என் சட்டையில மண்ணு பட்டதில்ல. மண்ணு எங்க இருக்கணுமோ அங்க இருக்கணும், அதிகாரி எங்க இருக்கணுமோ அங்க இருக்கணும். அதுதான் தூய்மை” என்றார் முரோஸே.

வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். அளப்பவர் எவ்வளவு நேரம் கைதட்டுகிறார் என்பதை, அளப்பவரைப் பார்ப்பவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பூசை. எங்கள் பக்கம் பூமியைத் தோண்டுவதற்கு முன்னால் பூமிக்கு உரிய தெய்வத்திடம் உத்தரவு கேட்காமல் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். நான்கு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, நடுவில் பீடம் வைத்து, ஹகோஸாகி மந்திரம் சொன்னார். நான்கு மூலையிலும் உப்பும் அரிசியும் தூவினார். முக்கியமாக, சாக்கே ஊற்றினார். அரிசியில் வடித்த அந்தச் சாராயம் தெய்வத்துக்கும் பிடிக்கும், பூசாரிக்கும் பிடிக்கும் என்பதால் குறைவைப்பதில்லை. முரோஸேயும் முறைப்படி வணங்கி, பிரசாதமாகக் கிடைத்த கோப்பையை, பணியில் இருப்பதால் குடிக்கக்கூடாது என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்தார்.

இவாகி பொக்லைனை இறக்கித் தொட்டியைத் தூக்கினார். கிகுயோ தேய்த்து வைத்த பானை மாதிரி இருந்தது அது. ஓர் ஓட்டை இல்லை, ஒரு கசிவு இல்லை. அப்பா நல்ல தொட்டியாகத்தான் வாங்கியிருக்கிறார் என்று ஓகுசாவுக்குக் கண் கலங்கியது. மண்ணைக் குப்பியில் அள்ளிக்கொண்டு வாரியம் போனது. மாதக் கடைசிக்குள் புதுத் தொட்டி இறங்கிவிடும் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷனுக்கு வாய்தான் சத்துரு.

முடிவு வந்தபோது முரோஸே தானே நேரில் வந்தார். முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் போல இருந்தது.

“ஓகுசா சான், உங்க மண்ணுல எண்ணெய் இல்ல.”

ஓகுசா வணங்கினார்.

“ஆனா சாராயம் இருக்கு. உப்பு இருக்கு. எங்க கருவியில இதுவரைக்கும் வராத கோடெல்லாம் வருது. சாராயம் கலந்த மண்ணுல எண்ணெய் இருக்கா இல்லையான்னு வாரியம் சொல்ல முடியாது. சோதிக்க முடியாத மண்ணு, சுத்தமில்லாத மண்ணு.”

“ஐயா, அது பூசையில ஊத்தின சாக்கே. நீங்களே பக்கத்துல நின்னு கும்பிட்டீங்களே.”

“பார்த்தது முரோஸே. வாரியம் பார்க்கல” என்றார் அவர், மிகவும் வருத்தத்தோடு. “முரோஸேவுக்குத் தெரிஞ்சதெல்லாம் வாரியத்துக்குத் தெரிஞ்சா, அப்புறம் வாரியத்துக்கு என்ன மரியாதை?”

உத்தரவு எளிமையானது. சாராயம் பட்ட மண்ணை அள்ளி எறிந்துவிட்டு, இன்னும் ஆழமாகத் தோண்டி, புது மண் எடுக்க வேண்டும். ஓகுசா நிம்மதியாக மூச்சுவிட்டார். இவாகிக்குப் போன் போட்டார். இவாகி வந்தார், பொக்லைனில் ஏறி உட்கார்ந்தார், சாவியைப் போடவில்லை.

“பூசாரி எங்கண்ணே?”

“அதான் அன்னைக்கே பூசை பண்ணியாச்சே.”

“அது அந்தக் குழிக்கு. இது புதுக் குழி. எங்க பழைய முதலாளி இப்படித்தான் ஒரு பூசைக்கு ரெண்டு குழி தோண்டுனாரு. சாயங்காலமே குளியல் தொட்டியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சிக்கிட்டாரு. குளியல் தொட்டிங்கறதும் ஒரு குழிதானண்ணே. சாமி கணக்குத் தப்பாது.”

ஓகுசா பூசாரிக்கும் போன் போட்டார். ஹகோஸாகி வந்தார். ஓகுசா பூசாரியின் காதோடு காதாக, இந்தத் தடவை சாக்கேயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா, ஒரு துளி, ஒப்புக்கு, என்று கேட்டுப் பார்த்தார். ஹகோஸாகியின் முகம் சிவந்துவிட்டது. உங்கள் பங்க்கில் டேங்க் நிரப்பச் சொன்னால் ஒரு துளி ஊற்றிவிட்டு அனுப்புவீர்களா என்று திருப்பிக் கேட்டார். கோபத்தில் அன்றைக்கு வழக்கத்தை விடத் தாராளமாகவே ஊற்றினார்.

சோதனை முடிவு வந்தது. சாராயம் முன்பைவிட அதிகம். பூமியின் ஆழத்திலிருந்து சாராயம் ஊறி மேலே வருவதாக வாரியம் கருதியது. அதற்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழுவில் ஓய்வுபெற்ற நிபுணர் ஒருவர் இருந்தார். அவர் குப்பியைத் திறந்து, கண்ணை மூடி, மோந்து பார்த்து, இது காரமான ரகம், உப்பில் ஊறப்போட்ட கத்தரிக்காயோடு நன்றாகப் போகும் என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் கருத்து ஏகமனதாக ஏற்கப்பட்டது. மறுபடி தோண்டச் சொன்னார்கள். மறுபடி இவாகி, மறுபடி பூசாரி, மறுபடி சாக்கே.

குழி வளர்ந்தது. பங்க் சின்னதாகிக்கொண்டே வந்தது. காற்றடிக்கும் இயந்திரம் இருந்த இடம் போயிற்று, குளிர்பானப் பெட்டி இருந்த இடம் போயிற்று. விளிம்பில் நின்று குனிந்தால் கம்மென்று ஒரு வாசனை வரும். கிழவர்கள் சிலர் மாலையில் நாற்காலியோடு வந்து விளிம்பில் உட்கார ஆரம்பித்தார்கள். குழிக்குள் இருந்த தவளைகள் மட்டும் அந்த வருஷம் தூங்கப் போகாமல் நல்ல உற்சாகத்தில் கத்திக்கொண்டிருந்தன.

ஆனால் காற்று மாறிவிட்டது. மலை உச்சியில் முதல் வெள்ளை தெரிந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்து, குழியைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கேனை வரிசையில் வைத்துவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் ஓகுசாவுக்கு வணங்கவாவது வழி இருந்திருக்கும். காலிக் கேன்கள் வரிசையாக அவரைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. மனுஷன் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டார்.

“போய்க் கேளுங்க. வணங்காமக் கேளுங்க” என்றாள் கிகுயோ.

அவர் போனார். வணங்கிவிட்டுத்தான் கேட்டார்.

முரோஸேவுக்கும் இது அலுத்துப் போயிருந்தது. துணைக்குழுவுக்குத் தேநீர் வாங்கியே அவருடைய பிரிவின் ஒதுக்கீடு கரைந்துகொண்டிருந்தது. விதிப் புத்தகத்தில் ஒரு வழி இருக்கிறது என்றார். பக்கத்திலேயே இதே வகையான, சுத்தமான மண் ஓரிடத்தில் எடுக்க வேண்டும். அதற்கு ‘ஒப்பீட்டுத் தூய மண்’ என்று பெயர். அந்த மண்ணில் இருக்கும் எண்ணெயை விட ஓகுசாவின் மண்ணில் எண்ணெய் அதிகம் இல்லை என்றால், சாராயத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முத்திரை குத்திவிடலாம். ஒரே நிபந்தனை. ஒப்பீட்டு மண்ணில் பூசை செய்திருக்கக் கூடாது. உப்போ சாக்கேயோ பட்டிருக்கவே கூடாது.

தேடக் கிளம்பினார்கள். நெல் வயலுக்குப் போனார்கள். நாற்று நடும்போது ஊற்றியிருந்தார்கள். வீட்டுத் தோட்டங்களுக்குப் போனார்கள். வீடு கட்டும்போது ஊற்றியிருந்தார்கள். கிணற்றடியில், பாலத்தடியில், சுரங்கப் பாதையின் வாயில், எங்கும் ஊற்றியிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானம் தப்பியிருக்கும் என்று பார்த்தால், அங்கே பிள்ளைகள் மல்யுத்தம் செய்யும் வட்டத்தில் வருஷக்கணக்காக உப்பை வாரி இறைத்திருந்தார்கள். மயானத்தில் கேட்கவே வேண்டாம், இறந்தவர்களுக்குப் பிடித்த ரகமாகப் பார்த்து ஊற்றியிருந்தார்கள். காட்டுக்குள் போனால் தப்பிக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க ஏறி, யாரும் போகாத ஒரு பாறைச் சரிவில் துளை போட ஆயத்தமானார்கள். அங்கே ஒரு மரத்தடியில் காலிக் கோப்பை கவிழ்ந்து கிடந்தது. காளான் பறிக்க வருகிற எவனோ மலைத் தெய்வத்துக்கு வைத்திருக்கிறான்.

“இந்த மாவட்டத்துல தெய்வத்துக்கு ஊத்தாத இடமே கிடையாதா?” என்று முரோஸே பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாகச் சட்டையின் பின்பக்கம் பாசி பட்டது. அவர் கவனிக்கவில்லை.

ஹகோஸாகியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பூசாரி தான் ஊற்றின இடங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, ஒரே ஓர் இடம் இருக்கிறது என்றார்.

“உங்க வாரியக் கட்டடம். அதைக் கட்டும்போது, அரசாங்கக் காசுல சாமி கும்பிடக் கூடாதுன்னு என்னைக் கூப்பிடவே இல்ல. நான் உடுப்பெல்லாம் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். ஒரு துளி ஊத்தல. ஒரு கல்லு உப்பு போடல. எனக்கு அது இன்னிக்கும் மனசுல இருக்கு.”

முரோஸேவின் முகம் மலர்ந்தது. தூய மண் கடைசியில் எங்கே இருந்தது பார்த்தீர்களா என்றார். மறுநாளே வாரியம் கூடியது. வாரிய வளாகத்து மண்ணே மாவட்டத்தின் ஒப்பீட்டுத் தூய மண் என்று அறிவித்து, தோண்டுவதற்கு முன்பே முத்திரையும் குத்திவிட்டார்கள். சொந்த வீட்டு மண்ணைச் சந்தேகப்படுவது நாகரிகம் இல்லை அல்லவா?

விழா ஏற்பாடானது. ‘தாய் மண் திறப்பு’ என்று துணிப் பதாகை கட்டினார்கள். தாரைப் பெயர்த்துச் சதுரமாக மண் தெரிந்தது. ஊழியர்களில் சிலர் மண்ணை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தார்கள். ஓகுசா கிகுயோவோடு ஓரமாக நின்றார். தூறலாகப் பனி விழ ஆரம்பித்திருந்தது. இவாகி பொக்லைனில் ஏறினார், சாவியைப் போடவில்லை.

“பூசாரி எங்க?”

“பூசை கிடையாது. பூசை பண்ணினா மண்ணு கெட்டுப் போயிடும்” என்றார் முரோஸே.

இவாகி இறங்கிவிட்டார். தன் காலைக் காட்டினார். இது ஒன்று இருக்கிறது, இன்னொன்றும் இருக்கிறது, இரண்டும் தனக்கு வேண்டும் என்றார். அவருடைய ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். அளப்பவர் அளக்கத்தான் செய்வார். அளப்பவரைப் பார்ப்பவர் பார்க்கத்தான் செய்வார். பத்திரிகைக்காரர்கள் காமெராவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து வாரியத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முரோஸே வெள்ளைக் கையுறையைச் சரிசெய்துகொண்டு, மண்வெட்டியைக் கையில் எடுத்தார். முதலில் பிடிப்பக்கத்தால் குத்தினார். ஓகுசாதான் மெதுவாகப் போய்த் திருப்பிக் கொடுத்து, வணங்கிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த மனுஷன் தோண்டினார் பாருங்கள், பதினெட்டு வருஷ ஆசை போலிருக்கிறது. முழங்கால் ஆழம், தொடை ஆழம். ஊழியர்கள் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி எதிலோ ணங்கென்று இடித்தது. பழங்காலக் கல்லறையாக இருக்கும், பேர் கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் ஓங்கிப் போட்டார்.

உள்ளே ஏதோ உடைந்தது. கறுப்பாக, கெட்டியாக, எண்ணெய் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

கட்டடத்துக்குச் சூடேற்றும் கொதிகலனுக்காகப் புதைத்த தொட்டி அது. எப்போது புதைத்தது, எப்போது ஓட்டையாயிற்று, ஒருவருக்கும் தெரியாது. மற்றவர்களின் தொட்டிகளைத் தேடிக்கொண்டிருந்ததில் தங்களுடையதை மறந்துவிட்டார்கள். சுற்றிலும் மண் கன்னங்கரேல் என்று ஊறிக் கிடந்தது. முரோஸே சட்டை, கையுறை, பல் எல்லாம் கறுத்து, குழிக்குள் நின்று மேலே பார்த்தார். ஹகோஸாகி கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நான் எதுவும் சொல்லல” என்றார்.

ஆனால் குத்தின முத்திரை குத்தினதுதான். விதிப்படி அதுதான் மாவட்டத்தின் தூய மண். அதனோடு ஓகுசாவின் மண்ணை ஒப்பிட்டார்கள். ஓகுசாவின் மண் தூய மண்ணை விட அளவுகடந்து சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக இருப்பது குற்றமா என்று துணைக்குழு ஒரு நாள் முழுக்க ஆராய்ந்து, அப்படி ஒரு பிரிவு இல்லாத காரணத்தால் வேறு வழியின்றி முத்திரை குத்தியது. இவாகி ராப்பகல் பாராமல் புதுத் தொட்டியை இறக்கினார். மலைப்பாதையை மூடுவதற்கு முந்தைய நாள் லாரி வந்து நிரப்பியது. கிகுயோ கேன்களை ஒவ்வொன்றாக நிரப்பி, அந்தந்த வீட்டுக்கு அனுப்பினாள். அன்றைக்குப் பள்ளத்தாக்கில் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, ஓகுசா இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

வாரியத்திலிருந்தும் போன் வந்தது. கொதிகலனை நிறுத்திவிட்டார்கள், அதிகாரிகள் கையுறையோடு முத்திரை குத்துகிறார்கள், குறி தப்புகிறது, கொஞ்சம் மண்ணெண்ணெய் வேண்டும் என்றார்கள். ஓகுசா தானே கேன்களை ஏற்றிக்கொண்டு போனார்.

வளாகத்தில் நான்கு மூங்கில் நட்டிருந்தது. கயிறு கட்டியிருந்தது. வாரியத் தலைவரிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லோரும் குழியைச் சுற்றித் தலை கவிழ்ந்து நின்றார்கள். ஹகோஸாகி முழு உடுப்பில், வருஷக்கணக்கான மனக்குறை தீர்ந்த முகத்தோடு, சாக்கே பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“கொஞ்சமா ஊத்தட்டுங்களா ஐயா? நாளைக்கு மேலிடத்துலேருந்து உங்க மண்ணைச் சோதிக்க வர்றாங்கன்னு சொன்னாங்களே” என்று கேட்டார்.

முரோஸே நிமிர்ந்தார். புதுச் சட்டை, பளபளவென்று புதுக் கையுறை.

“முழு பாட்டிலையும் ஊத்துங்க. வேன்ல இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு, அதையும் ஊத்துங்க. சாராயம் கலந்த மண்ணுல எண்ணெய் இருக்கா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு வாரியமே முடிவு பண்ணியிருக்கு.”

ஓகுசா கேனைக் கீழே வைத்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் வணங்கியிருக்க வேண்டும். வணங்கவில்லை. நிமிர்ந்தபடியே கேட்டார்.

“உப்பு, ஐயா?”

“மூட்டையோட” என்றார் முரோஸே.